காகித மரம், உப்பு மாவு, ஜிகினா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தைகளுடன் வீட்டிலேயே கிறிஸ்துமஸ் மரம் செய்வதைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், மரம் சாய்வதையும் மாவு வெடிப்பதையும் பற்றியவையே. என்ன அளவில், எந்தத் தடிமனில் செய்தோம் என்று சொல்லாமல் "சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதுபவர்களுக்கு ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: சார்ட் தாளை அரைவட்டமாக வெட்டிக் கூம்பு செய்தோம். மரம்போல் உயரமாக வராமல் கூடாரம்போல் குட்டையாக உட்கார்ந்துவிட்டது. என்ன தவறு?

பதில்: வெட்டியதில் தவறில்லை, அரைவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் தவறு. அரைவட்டத்தைச் சுருட்டினால் கூம்பின் அடி அகலம் அதன் சாய்வு நீளத்துக்குச் சமமாகிவிடும். கால்வட்டத்தைச் சுருட்டினால் அடி அகலம் அதில் பாதிதான் இருக்கும். சுமார் 55 செ.மீ. ஆரமுள்ள கால்வட்டம் ஒரே சார்ட் தாளில் அடங்கும். அது 53 செ.மீ. உயரமும் 27 செ.மீ. அடியும் கொண்ட ஒல்லியான மரமாக நிற்கும். காம்பஸ் வேண்டியதில்லை. பென்சிலில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைத் தாளின் மூலையில் குழந்தையின் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நூல் தொய்யாமல் பென்சிலை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினால் போதும். விரல் நழுவினால் கோடு கோணும், மறுபடி வரையலாம். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து அடிப்பாரம் கொடுக்க மறக்காதீர்கள். ஒரு சிறு கூழாங்கல் பையும் சேர்ந்தால் நல்லது.

கேள்வி: உப்பு மாவில் செய்த நட்சத்திரங்கள் வெடித்துவிட்டன. ஏன்?

பதில்: அளவு எழுதவில்லை, தடிமன் எழுதவில்லை, வெயிலில் காய்ந்ததா ஓவனில் காய்ந்ததா என்றும் எழுதவில்லை. ஆகவே பொதுவான காரணங்களையே சொல்கிறேன். இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு தூள் உப்பு, முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதிகம் ஊற்றிவிட்டு மாவைக் கொட்டிச் சரிசெய்பவர்களின் நட்சத்திரம்தான் பெரும்பாலும் வெடிக்கிறது. தடிமன் அரை செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். ஓவனில் 100 முதல் 120 டிகிரிக்குள் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேல்தோல் முந்திக் காய்ந்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மாவு வீங்கும் அல்லது பிளக்கும். ஓவன் இல்லாதவர்கள் காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைக்கலாம். காய்ந்ததா என்று பார்க்கத் துண்டைத் திருப்பிப் பின்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நூல் கோக்கும் துளையைக் காய்வதற்கு முன்பே உறிஞ்சுகுழலால் போட்டுவிட வேண்டும். முழுதும் காய்ந்த பிறகே வண்ணம். வீட்டில் நாய் இருந்தால் இவற்றை எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள், அவ்வளவு உப்பு அதற்கு நஞ்சு.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

பதில்: கிழிக்கிற வேலையும் ஒட்டுகிற வேலையும். பச்சை நிறத் தாள்களைக் கையால் கிழித்துக் கூம்பின் மீது அடுக்கடுக்காக ஒட்டச் சொல்லுங்கள். கத்தரிக்கோலால் வெட்டியதைவிட அதுதான் இலைபோல் தெரியும். டிஷ்யூ ரோலின் அட்டைக்குழலுக்குள் நுழைந்துவிடும் எந்தப் பொருளும் இந்த வயதுக் குழந்தையின் கைக்குப் போகக் கூடாது. மணி, பொத்தான், சிறு பந்து எல்லாம் இதில் அடங்கும். பட்டன் பேட்டரியை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்கிறேன்: விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக் கூடியது அது.

கேள்வி: மரத்தை அலங்கரிக்க எந்த நிற ஜிகினாத் தூள் பொருத்தமாக இருக்கும்? பள்ளிக் குழந்தைகள் ஆறு பேர் சேர்ந்து செய்கிறார்கள்.

பதில்: எந்த நிறமும் வேண்டாம். இதை ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறேன், ஒவ்வொரு ஆண்டும் யாராவது நிறம் கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் ஜிகினாத் தூள் பெரும்பாலும் அலுமினியப் பூச்சு ஏற்றிய மெல்லிய பாலியெஸ்டர் படலத்தைப் பொடிப்பொடியாக வெட்டியது, அதாவது பிளாஸ்டிக். அதன் ஓரங்கள் கூர்மையானவை, பசை படிந்த விரலோடு குழந்தை கண்ணைக் கசக்கினால் கருவிழியில் கீறல் விழும். பெருக்கினால் பறக்கும், துடைத்தால் துணியில் ஏறும், கை கழுவினால் சாக்கடைக்குப் போய் அங்கிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். சூழலில் கலந்துவிட்டால் மக்காது, திரும்ப அகற்றவும் முடியாது என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் பிளாஸ்டிக் ஜிகினாத் தூளைத் தனியாக விற்பதைத் தடை செய்தது. ஜிகினா ஒட்டிய தாளைப் பழைய காகிதத்தோடு மறுசுழற்சிக்குப் போடவும் முடியாது. வீட்டிலிருக்கும் தாளில் மரம் செய்ததன் பயனை ஒரு சிட்டிகைத் தூள் கெடுத்துவிடுகிறது.

மக்கும் ஜிகினா என்று விற்பதை வாங்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது விலை கூடியது, கண்ணில் பட்டால் உறுத்துவதில் அதுவும் குறைந்ததில்லை. சிக்கனமாகச் செய்யலாம் என்று ஆரம்பித்துவிட்டு, ஜிகினா, பசைத் துப்பாக்கி, தெர்மாகோல் பந்து, சாட்டின் ரிப்பன் என்று ஒரு பை நிறைய வாங்கி வருபவர்கள் கடையில் ஆயத்த மரத்தையே வாங்கியிருக்கலாம். மின்ன வேண்டும், அவ்வளவுதானே? அலுமினியத் தாளை நன்றாகக் கசக்கி, கிழியாமல் மெதுவாகப் பிரித்து, அட்டை நட்சத்திரத்தின் மீது போர்த்தி ஒட்டுங்கள். ஒவ்வொரு சுருக்கமும் ஒவ்வொரு திசையில் வெளிச்சத்தைத் திருப்பும், தட்டையாக ஒட்டியதைவிட நன்றாக மின்னும். நொறுக்குத் தீனிப் பொட்டலங்களைக் கழுவித் துடைத்து, உட்புற வெள்ளிப் பக்கத்தைப் பட்டைகளாக வெட்டினால் தோரணமாகும். பனி படிந்ததுபோல் வேண்டுமென்றால் வெள்ளைப் பசையின் மீது கல்லுப்பைத் தூவுங்கள். சர்க்கரையைத் தூவாதீர்கள், எறும்புகள் முந்திக்கொள்ளும்.

கேள்வி: காகிதப் பனிப்பூ வெட்டினால் எட்டு இதழ் வருகிறது. பரவாயில்லையா?

பதில்: பனித்துகள் அறுகோண அமைப்புடையது. எட்டு இதழ்ப் பூ அழகாக இருக்கலாம், ஆனால் பனியாக இராது. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து மூன்று சம பாகமாக்கி, அதன்பின் மீண்டும் பாதியாக மடித்து வெட்டுங்கள். பன்னிரண்டு அடுக்கு சேரும் என்பதால் தாள் மெல்லியதாக இருக்க வேண்டும். வண்ணத் திசுத்தாள் என்றால் சிறு கைகளாலும் வெட்ட முடியும்.

கேள்வி: காய்ந்த மரக்கிளையைத் தகர டப்பாவில் நட்டு வைத்தோம். அலங்காரம் ஏற ஏறச் சாய்கிறது.

பதில்: அடிப்பாரம், அடிப்பாரம். ஒரு மீட்டர் உயரக் கிளைக்கு மூன்று கிலோ ஈரமற்ற மணலாவது வேண்டும். கனமான பொம்மைகளைக் கீழ்க்கிளைகளிலும் காகிதப் பொருள்களை மேலேயும் தொங்கவிட வேண்டும். குழந்தைகள் தங்கள் உயரத்தில் ஒரே பக்கமாக மாட்டுவார்கள், ஆகவே நடுநடுவே டப்பாவைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: பழைய சீரியல் விளக்கைக் காகித மரத்தில் சுற்றலாமா? மெழுகுவர்த்தி ஒன்றிரண்டு வைத்தால் பழமையான தோற்றம் வருமே?

பதில்: மெழுகுவர்த்தி கூடவே கூடாது. மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிய காலத்திலேயே அதன் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882இல் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் மின்விளக்குகளை ஏற்றியதிலிருந்து அதற்கு மாற்றும் இருக்கிறது. பழைய இழை பல்புகள் சூடேறும், காகிதத்தில் சுற்றாதீர்கள். எல்.இ.டி. விளக்கு மட்டும் போடலாம். ஒயரில் உரிந்த இடம் இருந்தால் அதுவும் வேண்டாம். உறங்கப் போகுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பேட்டரியில் எரிவதாக இருந்தால் பேட்டரி மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரியைப் பற்றி மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

கேள்வி: காகிதத்தில் செய்தால் அது உண்மையான கிறிஸ்துமஸ் மரமாகுமா என்று என் மாமியார் கேட்கிறார்.

பதில்: ஆகும். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வீடுகளில் வைத்த மரங்களைப் பற்றிய 1605ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே வண்ணக் காகிதத்தில் வெட்டிய ரோஜாக்களைத் தொங்கவிட்டதாக வருகிறது. கண்ணாடிக் குண்டுகள் அதற்கு வெகு காலத்துக்குப் பிறகு வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். உங்கள் மாமியாருக்குக் காகித ரோஜா செய்யத் தெரிந்தால் அவரையும் கூட உட்காரவையுங்கள்.

கேள்வி: தெர்மாகோல் பந்துக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தோம். பந்து குழிகுழியாகக் கரைந்துவிட்டது.

பதில்: கரையத்தான் செய்யும். ஸ்பிரே பெயிண்டிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். கடுமையான வாசனை அடிக்கும் பல பசைகளும் அப்படியே. தண்ணீரில் கரையும் வண்ணத்தையும் வெள்ளைப் பசையையும் மட்டும் பயன்படுத்துங்கள், அடுத்த முறை டப்பாவின் மேல் எழுதியிருப்பதை அடிப்பதற்கு முன் படியுங்கள்.