நீச்சல் குளத்து மோட்டார்: எந்த வேகம், எத்தனை மணி நேரம்?

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள எங்கள் வீட்டில் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் கொண்ட நீச்சல் குளம் இருக்கிறது. கட்டிக் கொடுத்தவர்கள் சொன்னபடி ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரை நாள்தோறும் 10 மணி நேரம் ஓட்டுகிறோம். மின்கட்டணம் மலைக்க வைக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்பு வாங்கலாமா? வாங்கினால் அதை எப்படி ஓட்டுவது?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் குளம் ஏறத்தாழ 45,000 லிட்டர் நீர் கொள்ளும். முழு வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 2,850 சுற்று அளவில், உங்கள் மோட்டார் மணிக்கு 15,000 லிட்டர் தள்ளுவதாகக் கொண்டால், 3 மணி நேரத்தில் குளத்தின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஃபில்டர் வழியே சென்று திரும்பிவிடும். வடிகட்டிய நீர் வடிகட்டாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், அப்படி ஒரு சுற்று முடியும்போது உண்மையில் ஃபில்டரைக் கண்டிருப்பது சுமார் 63 விழுக்காடு நீர்தான். இரண்டு சுற்றில் அது 86 விழுக்காடாகும். நாள் முழுதும் பலர் இறங்கும் பொதுக் குளத்துக்கு இது போதாது என்றாலும், நான்கைந்து பேர் குளிக்கும் வீட்டுக் குளத்துக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு சுற்று தாராளமாகப் போதும். நீங்கள் மூன்றுக்கும் மேற்பட்ட சுற்றுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வேகத்தைக் குறைப்பதில்தான் பெரிய ஆதாயம் இருக்கிறது. வேகம் பாதியானால் பம்பு தள்ளும் நீர் பாதியாகும். அழுத்தம் நான்கில் ஒன்றாகும். அதற்கு வேண்டிய மின்திறனோ எட்டில் ஒன்றாகிவிடும். அதே நீரைத் தள்ள இருமடங்கு நேரம் ஓட்டினாலும் கணக்குப்படி நான்கில் ஒரு பங்கு மின்சாரமே செலவாகும். குறைந்த வேகத்தில் மோட்டாரின் செயல்திறன் சற்றுத் தாழ்வதால் நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது. ஆனாலும் இப்போது சுமார் 1.4 கிலோவாட் இழுக்கும் இடத்தில் 250 வாட்டை எதிர்பார்க்கலாம். அப்படியானால் நாளொன்றுக்கு 14 யூனிட் என்பது, 8 மணி நேர ஓட்டத்துக்கு 2 யூனிட்டாகச் சுருங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிநிலைக் கட்டணம் செலுத்தும் நமக்கு, குறையும் யூனிட்டுகள் விலை உயர்ந்த மேல்படியிலிருந்தே கழியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மின்திறன் விதியின் கீழ், வீட்டுக் குளங்களுக்கான பெரிய பம்புகளின் உற்பத்தி பெரும்பாலும் வேகம் மாற்றக்கூடியவைக்கு மாறியதற்கும் இதே கணக்குதான் அடிப்படை. குளத்து நீர் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதால்தான் இது பொருந்துகிறது. மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரை இப்படிப் பாதி வேகத்தில் ஓட்டினால் நீர் மேலே போய்ச் சேராமலே நின்றுவிடக்கூடும்.

ஆகவே, வாங்கலாம். வாங்கியபின் பாதி வேகத்தில் தொடங்கி, ஸ்கிம்மர் மேல்மட்டத்து இலைகளை இழுக்கிறதா என்று பார்த்தபடியே வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். இழுப்பு தளரும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். மணல் ஃபில்டரும் மெதுவான ஓட்டத்தில் நுண்ணிய அழுக்கை நன்றாகவே பிடிக்கும். பேக்வாஷ் செய்யும்போதும் (நீரை எதிர்த்திசையில் செலுத்தி ஃபில்டரைக் கழுவும்போதும்), அடித்தரையை வேக்யூம் செய்யும்போதும் மட்டும் முழு வேகம் வேண்டும். பேக்வாஷில் ஓட்டம் போதாவிட்டால் மணல் கிளர்ந்தெழாது, அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: எங்கள் குளமும் 45,000 லிட்டர்தான், உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவி வைத்திருக்கிறோம். மோட்டார் நேரத்தை 5 மணியாகக் குறைத்ததும் நீர் பச்சை நிறமாகிவிட்டது. ஏன்?
– வாசகர், கோவை

பதில்: உங்கள் வீட்டில் மோட்டாரின் நேரத்தை முடிவு செய்ய வேண்டியது குளோரின்தான். மோட்டார் ஓடும்போது மட்டுமே அந்தக் கருவி வேலை செய்யும். நேரம் குறைந்ததால் குளோரின் போதாமல் பாசி வளர்ந்து நீர் பச்சையாகியிருக்கும். நம் வெயிலில் நாளொன்றுக்கு 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குளோரின் அழிவதாகக் கொண்டால், உங்கள் குளத்துக்கு அன்றாடம் 135 கிராம் தேவை. கருவி மணிக்கு 15 கிராம் தருவதாயின் 9 மணி நேரம் ஓடியாக வேண்டும். கருவியின் மீது எழுதியிருக்கும் அளவைக் கொண்டு இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டம் போதாமல் கருவி தானாகவே நின்றுவிடும் என்பதால், அது நிற்காத குறைந்தபட்ச வேகமே உங்களுக்கு உரியது. வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பிபிஎம் வரை இருக்கிறதா என்றும் சோதியுங்கள். அது இல்லாத குளத்தில் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். பச்சை முழுவதும் நீங்கும்வரை குளோரினைத் தனியாகச் சேர்த்து, இரவு பகலாக ஓட்டுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கேள்வி: பழைய மோட்டாருக்கே வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் முடியும். வீடுகளில் பரவலாக இருக்கும், கப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குச் சாதாரண விஎஃப்டி (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) ஒத்துவராது. மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் பொருத்தினால், ஃபில்டரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைப் படிக்கும் முறையும் மாறும். அழுத்தம் அரை பார் (bar) ஏறியதும் பேக்வாஷ் செய்யும் வழக்கம் முழு வேகத்துக்கு உரியது. பாதி வேகத்தில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் முள் அவ்வளவு ஏறாது. வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் முழு வேகத்தில் ஓட்டி, அப்போது காட்டும் அளவையே குறித்து வாருங்கள்.