கிளட்ச் தேய்ந்த புல்வெட்டியைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வரும், முதுகில் மாட்டும் புல்வெட்டி இயந்திரம் என்னிடம் உள்ளது. இப்போது என்ஜின் உறுமுகிறதே தவிர, லாலான் புல்லில் கத்தி பட்டதும் சுழற்சி நின்றுவிடுகிறது. கிளட்ச் தேய்ந்துவிட்டது, இந்த மாடலுக்கு உதிரிப்பாகம் வராது, புதிய இயந்திரம் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: முடியும். ஆனால், பழுது கிளட்ச்சில்தான் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முதுகில் மாட்டும் இயந்திரத்தில் என்ஜினுக்கும் கைப்பிடிக் குழாய்க்கும் இடையே வளையும் கேபிள் ஒன்று ஓடுகிறது. அதன் சதுர முனை தேய்ந்து உருண்டுவிட்டாலும் இதே கோளாறுதான் தெரியும். என்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிட்டு, தடித்த கையுறையுடன் கத்தியைத் திருப்பிப் பாருங்கள். கிளட்ச்சின் வெளிக் கிண்ணமான டிரம் உடன் திரும்பாவிட்டால் கேபிளையும் அதன் இணைப்புகளையும்தான் பார்க்க வேண்டும்.

கிளட்ச்சின் அமைப்பு எளிமையானது. என்ஜின் மெதுவாக ஓடும்போது உராய்வுப் பட்டை ஒட்டிய ‘ஷூ’ எனப்படும் இரண்டு துண்டுகளையும் ஒரு ஸ்பிரிங் உள்ளிழுத்து வைத்திருக்கும். வேகம் கூடியதும் மையவிலக்கு விசையால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரைப் பற்றிச் சுழற்றும். பெட்ரோல் தொட்டியைக் காலி செய்து, என்ஜின் ஆறிய பிறகு, கிளட்ச் உறையின் போல்ட்டுகளைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே படிந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். ஷூவின் முகம் கண்ணாடிபோல் பளபளத்து, பட்டை இன்னும் தடிப்பாக இருந்தால், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே போதும். டிரம் நீலம் பாய்ந்திருந்தால், கிளட்ச் நெடுநாள் வழுக்கிச் சூடேறியிருக்கிறது என்று பொருள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், என்ஜினின் ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புது ஷூ போடுவது வீண் செலவு.

மாற்றத்தான் வேண்டுமென்றால், இரண்டு ஷூக்களையும் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஷூக்கள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன, வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கழற்றும் முன்னரே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாக விற்கும் பல இயந்திரங்களில் கிளட்ச்சின் அளவு 76 அல்லது 78 மில்லிமீட்டராக இருப்பதால், வேறு தயாரிப்பின் பாகமே பொருந்திவிடுவதுண்டு. மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்; பழைய பாகத்தையே கையில் கொண்டுபோய், விட்டத்தையும் போல்ட் துளைகளின் இடைவெளியையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பொருத்திய பிறகு, என்ஜின் மெதுவாக ஓடும்போது கத்தி சுழலவே கூடாது. சுழன்றால் கார்புரேட்டரின் ஐடில் திருகைக் குறையுங்கள். அதன் பிறகும் சுழன்றால் ஸ்பிரிங் சரியில்லை, அந்த நிலையில் இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம். பெட்ரோல் மிச்சமாகும் என்று பாதி வேகத்தில் உயர்ந்த புல்லை வெட்டுவதுதான் கிளட்ச்சைக் கொல்லும் பழக்கம். ஷூ முழுதாகப் பற்றாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கையில் எதிர்ப்பே இல்லாமல் வந்தால், பெரும்பாலும் சிலிண்டரும் பிஸ்டனும் தேய்ந்திருக்கும். அப்போது கடைக்காரர் சொல்வதே சரி. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், உதிரிப்பாகம் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது என்றாலும், இவ்வளவு பழைய இயந்திரத்துக்கு அதைக் காட்டி வாதாடுவது கடினம்.

கேள்வி: கிளட்ச் மாற்றியதாகச் சொல்லிக் கடையில் பணம் வாங்கினார்கள். இரண்டே வாரத்தில் பழையபடி வழுக்குகிறது. பழைய பாகத்தையும் தரவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: பழுதுபார்க்கும் வேலையும் அதே சட்டத்துக்கு உட்பட்டதுதான், அதை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். முதலில், இலவசமாகச் சரிசெய்து தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. "சர்வீஸ்" என்று மட்டும் எழுதிய ரசீது அங்கே அதிகம் உதவாது என்பதால், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதைக் கடைக்காரரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.