மறு: சூட்டரை 'முதல் தொழில்முறை வீரர்' என்று எழுதலாமா?
ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர் ஃபெர்கஸ் சூட்டர் 1878-லேயே காசு வாங்கி ஆடினார் என்கிறார்கள், ஆனால் அதற்கு அனுமதி கிடைத்ததே 1885-ல்தானே, பள்ளி மலரில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1885 ஜூலையில்தான் சம்பளத்தை ஏற்றது. அதற்கு முன் கொடுத்ததெல்லாம் கமுக்கமாகத்தான். கணக்குப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை.

கிளாஸ்கோ கல்தச்சரான சூட்டர், அங்குள்ள பார்ட்டிக் அணியிலிருந்து இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள டார்வென் அணிக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் உளியைக் கீழே வைத்துவிட்டார். காரணம் கேட்டால், இந்த ஊர்க் கல் ரொம்பக் கடினம் என்றாராம்! அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்பதை ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். 1880-ல் அவர் பக்கத்து அணியான பிளாக்பர்ன் ரோவர்ஸுக்குத் தாவியதும் பணத்துக்காகத்தான் என்று டார்வென்காரர்கள் கொதித்தார்கள். அங்கே 1884, 1885, 1886 என வரிசையாக மூன்று எஃப்.ஏ. கோப்பை (கால்பந்துச் சங்கம் நடத்தும் போட்டி) வென்றார்.

'முதல்' என்று மட்டும் அடித்து எழுதாதீர்கள். அவருக்கு முன்பே ஷெஃபீல்டுக்குப் போன ஜேம்ஸ் லாங்கும் அந்தப் பட்டத்துக்குப் போட்டியில் இருக்கிறார். 'முதல் சிலரில் ஒருவர்' போதும். இன்னொன்று, வரைவில் சூட்டரை முன்கள வீரர் என்றிருக்கிறீர்கள். அவர் தடுப்பாட்டக்காரர், மாற்றிவிடுங்கள்.