புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டும் மென்றால் ஆபத்தா?

கேரளத்தின் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் லாரி ஓட்டும் அண்ணனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ஆபத்துதான். வாளையார் வழியாக ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் தூக்கம் வராமலிருக்கப் பாக்கை கன்னத்தில் அடக்கிக்கொள்வது இந்தப் பக்கம் சாதாரணம். "புகையிலையா போடுறேன்?" என்று சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கையே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தி 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்தின் உள்தசையில் நார் படியவைக்கும். முதலில் ரசம்கூட காரமாக எரியும். அப்புறம் கன்னம் உள்ளே வெளுத்து விறைக்கும், வாய் திறப்பது குறையும். அண்ணனை மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லையென்றால் உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டும். விறைத்த கன்னம் பெரும்பாலும் பழையபடி ஆகாது. ஆனாலும் நிறுத்தினால் மேலும் இறுகுவதும் புற்றுநோய் அபாயமும் குறையும்.

நிறுத்துவது லேசில்லை, புகையிலையைப் போலவே அரிகோலினும் பழக்கத்துக்கு அடிமையாக்கும். பாக்குக்குப் பதில் கிராம்பு, ஏலக்காய் போடலாம். தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டித் தூங்குவதுதான் சரி. பாக்கெட் குட்கா பக்கம் போகவே வேண்டாம், கேரளத்தில் அதற்கு 2012-இலிருந்தே தடை. கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துத் தருவது வேறு விஷயம்.