கடலில் கிடக்கும் மக்னீசியமும் கேத்தோடும்

அன்புள்ள ஐயா,

ஆரல்வாய்மொழியிலிருந்து எழுதுகிறேன். ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றும்போதெல்லாம் அந்த மின்சாரத்தைச் சேர்த்துவைக்க வழியில்லையா என்று தோன்றும். மக்னீசியம் நம் கடல் முழுக்க இருக்கிறது. பிறகு ஏன் மக்னீசியம் பேட்டரி கடைக்கு வரவில்லை? பேட்டரியின் நேர்முனையான கேத்தோடுதான் சிக்கல் என்று படித்தேன். நாகர்கோவிலில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் என் மகள் இதில் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படித்தது சரிதான். மக்னீசியத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் இருக்கிறது. சாமிதோப்பு, புத்தளம் உப்பளங்களில் உப்பு வாரியபின் மிஞ்சும் நீர் அப்படிக் கசப்பது பெரும்பாலும் அதனால்தான். ஒரு கன சென்டிமீட்டர் மக்னீசியம் 3833 மில்லி ஆம்பியர் மணி அளவு மின்னூட்டம் தரும். லித்தியம் 2060 அளவில்தான். காரணம், ஒவ்வொரு மக்னீசியம் அயனிக்கும், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவுக்கும், இரண்டு எலக்ட்ரான்.

அந்த இரட்டை மின்னூட்டமே கேத்தோடுக்குள் வினையாகிறது. அளவில் லித்தியம் அயனி மாதிரிதான், சுமப்பது இரு மடங்கு. ஆக்சிஜன் சேர்ந்த உலோகச் சேர்மமான ஆக்சைடுக் கேத்தோடுக்குள் நுழைந்தால் சுற்றியிருக்கும் ஆக்சிஜன்கள் அதை லேசில் நகரவிடுவதில்லை. வெறுங்கையால் சக்கை (பலாப்பழம்) வெட்டினால் பிசின் பிடித்துக்கொள்ளுமே, அப்படி. அதற்குத்தானே நம் வீடுகளில் முதலில் கையில் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம்? இங்கே அந்த எண்ணெயின் வேலையை, ஆக்சிஜனுக்குப் பதிலாக வைக்கும் கந்தகம் செய்கிறது. கந்தக அணு பெரியது, அதன் எலக்ட்ரான் மேகம் இளகியது, அதனால் பிடி தளர்கிறது.

2000இல் இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் டோரோன் அவுர்பாக் குழு மாலிப்டினம் உலோகமும் கந்தகமும் சேர்ந்த ஷெவ்ரெல் வகை சல்பைடைக் கேத்தோடாக வைத்து ஒரு பேட்டரி செய்தது. 2000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கியும் அது தாங்கியது. அதில் ஆறு மாலிப்டினம் அணுக்கள் கொத்தாக நின்று, உள்ளே வரும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த அமைப்பு இது. ஆனால் கிடைப்பது சுமார் 1.1 வோல்ட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 3.2 வோல்ட் தருகிறது. வோல்ட் குறைந்தால் அதே ஆற்றலைச் சேர்க்க அதிக எடை வேண்டும். காற்றாலைப் பக்கத்தில் ஓரிடத்தில் கிடக்கும் பேட்டரிக்கு எடை பெரிய பொருட்டல்ல. மாலிப்டினத்தின் விலை பொருட்டு.

2016இல் டைட்டானியம் சல்பைடு ஒன்று கிராமுக்கு 200 மில்லி ஆம்பியர் மணியை எட்டியது, ஆனால் 60 டிகிரி சூட்டில். நம் மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட் என்ற கனிமமாகக் கிடக்கும் அதே டைட்டானியம்தான். அந்த மணலை அள்ளுவது பற்றிக் கரையோர மக்களுக்கு இருக்கும் அச்சம் நியாயமானது, அதைத் தனியாக எழுத வேண்டும்.

மகள் தாராளமாகப் போகலாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஆக்சைடு கேத்தோடு பற்றிப் பெரிய எண் எதைப் படித்தாலும், பேட்டரிக்குள் அயனிகள் நகரும் திரவமான மின்பகுளியில் ஈரம் இருந்ததா என்று முதலில் பார்க்கட்டும். ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் அயனி உள்ளே புகுந்து, மக்னீசியம் புகுந்ததுபோலக் கணக்குக் காட்டிவிடும். உள்ளே போனது மக்னீசியம்தான் என்று தனிம அளவீட்டில் காட்டியிருந்தால், அப்புறம் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.