பவளம் பரவினால் கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மூன்றடிக் கடல்நீர்த் தொட்டியில் சிறு துண்டாக வாங்கி வைத்த ‘கிரீன் ஸ்டார்’ மென்பவளம் எட்டு மாதங்களில் பெரிய கல்லின் பாதியை மூடி, ஹமர் என்னும் வன்பவளத்தின் அடியைத் தொட்டுவிட்டதாம். விற்றவரோ கல்லை வெளியே எடுத்துக் கொதிநீரில் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். அதே கல்லில் சில பொத்தான் பவளங்களும் இருக்கின்றன. அவ்வாறு செய்யலாமா என்று கேட்கிறார்.

செய்யவே கூடாது. பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடொக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. 1971இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்ட இந்நஞ்சு கொதிக்க வைப்பதால் அழியாமல் நீராவியுடன் கலந்து வீடு முழுவதும் பரவி, மூச்சுத்திணறலையும் நெஞ்சுவலியையும் காய்ச்சலையும் உண்டாக்கும். 2018இல் இங்கிலாந்தில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு குடும்பமே இதனால் வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தது. எது நஞ்சுள்ளது, எது அற்றது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதால் எல்லாவற்றையும் நஞ்சுள்ளவையாகவே கருதுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் தொட வேண்டாம். சமையலறைப் பாத்திரங்களைப் பயன்படுத்த வேண்டாம். உடலுக்கு ஏதேனும் செய்தால், பவளத்தைக் கையாண்டதை வைத்தியரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். நம் ஊரில் அவராக அதை ஊகிக்க வழியில்லை.

இனிப் பச்சைப் பவளத்துக்கு வருவோம். அது ஹமரைப் போல நீண்ட கொட்டும் இழைகளால் தாக்குவதில்லை. ஊதா நிறப் பாய் போன்ற அடித்தோலை விரித்து அயலில் உள்ளதை மூடிவிடுகிறது. ஆகவே அந்தப் பாயின் விளிம்பைத்தான் நீங்கள் தடுக்க வேண்டும். ஹமருக்கு அருகிலுள்ள பகுதியைக் கூரிய கத்தியால் கீறி, ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தெடுங்கள். மிஞ்சும் சிறு துண்டும் மீண்டும் முளைக்கும் என்பதால் மாதம் ஒருமுறையாவது விளிம்பைப் பார்த்து வெட்ட வேண்டியிருக்கும். உரித்ததைத் தனிக்கல்லில் ஒட்டி, சுற்றிலும் வெறும் மணல் இருக்கும்படி, மற்றப் பவளங்களிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

ஒரேயொரு இடத்தில் இது பரவுவதை நான் விரும்புகிறேன். அது தொட்டியின் பின்கண்ணாடி. அங்கே ஒட்டிவிட்டால் சுவர் முழுவதும் பச்சைப் புல்வெளி போலாகி, மேலே வரும் பகுதியைச் சுரண்டி எறிவதும் எளிதாகும். ஆனால் பின்கண்ணாடியைப் பெரிய கல் எங்கேயும் தொடக்கூடாது. தொட்டால் அந்தப் பாலம் வழியாக அது கல்லுக்குத் திரும்பிவிடும். இதைப் பலர் மறந்துவிட்டுப் பின்னர் பவளத்தைக் குறை கூறுகிறார்கள்.

ஆவியாகும் நீருக்குப் பதிலாகக் கிணற்று நீரை ஊற்றுகிறீர்களா? வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் விவசாய உரத்திலிருந்து வந்த நைத்திரேற்று மிகுந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். மென்பவளங்கள் அத்தகைய நீரில் கொழுத்துப் பரவ, வன்பவளம் நலியும். ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய நீரை மட்டும் சேருங்கள்.

எனக்குப் பெரிய கவலை இடைத்தரகர்கள்தான். பரவுவதைத் தெரிந்துகொண்டே ‘வேகமாக வளரும்’ என்று பெருமையாக விற்பவரே, பின்னர் அதை அழிக்கப் பெயரற்ற திரவம் ஒன்றையும் விற்பார். நம் கடலிலிருந்து உடைத்த ‘உயிர்க்கல்’ என்று யாரேனும் கொண்டுவந்தால் வாங்க வேண்டாம்; பவளங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஹமர் போன்ற வன்பவளங்களின் பன்னாட்டு வணிகத்துக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதிப் பத்திரம் தேவை. அதைக் கடையில் கேட்டால் வாடிக்கையாளரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நான் ஒருமுறை விபரம் அறியச் சென்ற அலுவலகத்தில் மூன்று மேசைகளைச் சுற்றியும் பதில் கிடைக்கவில்லை. சட்டம் இருந்தும் அதை விளக்க ஆளில்லாத நிலை எப்போது மாறும்?

உரிக்கும் வேலையை ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். சிதைந்த துண்டுகள் அழுகினால் அமோனியா ஏறும். வாரத்துக்கு ஒரு பகுதியாக உரித்து, அன்றே ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, வடிகட்டியில் புதிய காபன் கரியைப் போடுங்கள்.