முதலில் பிஸ்கட் டின்

அன்புள்ள ஐயா,

ஜெலுத்தோங்கில் தனியாக இருக்கிறேன். வயது எழுபது, கணவர் இல்லை. பெரியவள் மெல்பர்னில், சின்னவள் கிள்ளானில். நான் போன பிறகு லீவு போட்டுவந்து இந்த வீட்டைக் கிளறிக்கொண்டு கிடக்க வேண்டாமே என்று இப்போதே ஒழிக்க ஆரம்பித்தேன். "ஏம்மா அபசகுனமா பேசறீங்க" என்று சின்னவள் அழுகிறாள். எவர்சில்வர், பட்டுப்புடவை, அவர் சேர்த்த தமிழ் நேசன் பத்திரிகைகள் என்று அலமாரி முட்டுகிறது. எங்கே தொடங்குவது?

வாசகி, பினாங்கு

அன்புள்ள அம்மா,

புடவையில் மட்டும் தொடங்காதீர்கள். ஒன்றை எடுத்தால் ஒரு கல்யாணம் ஞாபகம் வரும், மடித்து உள்ளேயே வைத்துவிடுவீர்கள். காகிதத்தில் தொடங்குங்கள். நம் வீடுகளில் அவை பிஸ்கட் டின்னில்தான் கிடக்கும். வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), நிலவரி ரசீது, எப்போதோ மூடிவிட்ட கிளினிக்கின் கார்டு, எழுத்து மங்கிய ஒரு பாஸ்புக்.

எவர்சில்வரை ஒரே நாளில் யாருக்காவது கொடுத்துவிடலாம். அந்தப் பாஸ்புக்கில் காசு இருக்கிறதா இல்லையா என்று கவுண்டர் கவுண்டராக அலைவதுதான் பிள்ளைகளுக்குப் பெரும்பாடு. ஏழு வருடம் அசையாமல் கிடக்கும் கணக்கின் பணம், கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போய்விடும். திரும்ப வாங்கலாம்தான், அதற்கும் படிவம், அதற்கும் வரிசை. உங்களுக்குக் கால் நடக்கும்போதே போய்ப் பழைய கணக்குகளை மூடிவிடுங்கள்.

ஈபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) இன்னும் பணம் இருந்தால் வாரிசு யார் என்று பாருங்கள். அந்தக் காலத்தில் கணவர் பெயரைத்தான் போட்டிருப்பீர்கள். அவர் போனதோடு அந்த நியமனமும் போயிற்று. மகள்கள் பெயரைப் புதிதாகப் போட வேண்டும்.

தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை. பழைய பேப்பர் லோரி சத்தம் கேட்டதும் ஓடாதீர்கள். எந்தெந்த வருடம் இருக்கிறது என்று எழுதி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையைக் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் சரி, லோரிதான். பூச்சி அரித்ததை வைத்துக்கொண்டு யாரும் ஆராய்ச்சி செய்யப்போவதில்லை.

சின்னவளிடம் 'நான் போன பிறகு' என்று ஆரம்பித்தால் அழத்தான் செய்வாள். "இந்தக் குத்துவிளக்கு உனக்கா, அக்காவுக்கா?" என்று கேளுங்கள், சண்டைக்கு வருவாள். அது நல்லது, நீங்கள் இருக்கும்போதே தீர்ந்துவிடும். இருவருமே வேண்டாம் என்றால் கோயிலுக்குக் கொடுங்கள். மனத்தாங்கல் வேண்டாம், அவர்கள் வீட்டிலும் இடமில்லை.

கடைசியாக உயில். இரண்டு சாட்சிகள் வேண்டும், கூடவே நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வீட்டில் இருக்கிறாரே என்று மருமகனைக் கூப்பிட்டுவிடாதீர்கள். சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் உயில் நிற்கும், ஆனால் அந்தப் பங்கு செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரைக் கூப்பிட்டு ஒரு கோப்பி கலந்து கொடுங்கள், போதும்.